வைஃபை அணைச்சாச்சா?

எங்க சம்பந்திக்கு நான் வெச்ச பேர் முந்திரிக்கொட்டை. மூஞ்சிக்கு நேரா ஒரு நாளும் சொன்னதில்ல. நாலாயிரம் பேர் படிக்கிற இடத்துல சொல்லியிருக்கேன், அவ்வளவுதான். மனுஷன் ரிட்டையர்டு சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவருக்குத் தன் வாயை அளக்கத் தெரியாது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கீழ கடை, மாடியில வீடு. வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை, மாசம் ஒரு தடவை தலைகாட்டுவார். இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க கண்ணைப் பார்த்துப் பொழைக்கிறவளுக்கு இ-புக் ரீடர் பைத்தியம் பிடிச்சதுல என்ன ஆச்சரியம்? ஃபோன் மாதிரி கண்ணைக் குத்தாம, காகிதம் மாதிரி சாம்பல் நிறத்துல எழுத்து நின்னதை முதல் தடவை பார்த்தப்போ, கடையில காத்திருந்த ரெண்டு பேரை மறந்துட்டு நாற்பது பக்கம் படிச்சேன். அவங்க எழுந்து போனதுகூடத் தெரியல.

அப்புறம் இதே பைத்தியம் பிடிச்சவங்களைத் தேடிப் பிடிச்சு ஒரு குழு ஆரம்பிச்சேன். பன்னிரண்டு பேர் நாலாயிரமானோம். எங்களுக்குள்ள நடக்கிற சண்டையைப் பார்த்தா வெளியாளுக்குச் சிரிப்பு வரும். பக்கம் திருப்ப பட்டன் வேணுமா, விரல் போதுமான்னு மூணு நாள் அடிச்சுக்குவோம். ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒன்பது வாரம் வருதுன்னு ஒருத்தர் பீத்திக்குவார், நீ படிச்சாத்தானேய்யா தீரும்னு இன்னொருத்தர் வாரிவிடுவார். புது ரீடர் வருதுன்னு ஒரு சேதி வந்தாப் போதும், ஈ மொய்க்கிற மாதிரி மொய்ப்போம்.

எங்களுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. காலையில வணக்கம்னு யாரும் சொல்ல மாட்டோம். "வைஃபை அணைச்சாச்சா?"ன்னு ஒருத்தர் கேட்பார், "அணைச்சாச்சு"ன்னு நூறு பேர் பதில் போடுவாங்க. ஆரம்பிச்சு வெச்சது நான்தான். சில வருஷத்துக்கு முன்னாடி கம்பெனிக்காரன் கேட்காம கொள்ளாம ஒரு அப்டேட்டைத் தள்ளிவிட்டு, நாங்க பார்த்துப் பார்த்துச் சேர்த்த எழுத்துருவையெல்லாம் அழிச்சிட்டான். அன்னைலேருந்து புத்தகம் ஏத்தணும்னா ஒயர், மத்த நேரம் வைஃபை அணை. இது எங்க வேதம்.

செய்திக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஆதாரம் இல்லாம யாரும் செய்தி போடக்கூடாது. மூணு தடவை பொய்யாப் போனா ஏழு நாள் வாய்ப்பூட்டு. அந்தச் சட்டத்தை நான் யாருக்காகப் போட்டேன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும்.

சம்பந்தி குழுவுல தனக்குத் தானே வெச்சுக்கிட்ட பேர் 'முதல் செய்தி'. மடக்குற ரீடர் அடுத்த மாசம் வருதுன்னார், வரல. கலர் திரை பாதி விலைக்கு வருதுன்னார், வரல. என் பட்டன் வெச்ச ரீடரைப் பார்த்து "இது ரீடரா, டைப்ரைட்டரா?"ன்னு கேட்டார் பாருங்க, அதுதான் முதல் தீ. அப்ப நாங்க சம்பந்தியே ஆகல. குழுவோட நேர்சந்திப்புக்கு என் பையைத் தூக்கிக்கிட்டு என் பொண்ணு வந்தா, அவர் பையைத் தூக்கிக்கிட்டு அவர் மகன் வந்தான். மேடையில நானும் அவரும் குரல்வளையைப் பிடிக்காத குறையாப் பேசிக்கிட்டிருந்தப்போ, கடைசி வரிசையில இந்த ரெண்டும் சிரிச்சுப் பேசியிருக்குதுங்க. சனியனை விலை கொடுத்து வாங்கின கதையா, எதிரியைப் பொண்ணு கொடுத்து வாங்கினேன்.

என் பொண்ணுக்கு இருபத்தொன்பது வயசு, ஆனா எனக்கு அவ பாப்பாதான். பதிப்பகத்துல மெய்ப்புத் திருத்துறா. மூணு வருஷமா ஒப்பந்த வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கையெழுத்து, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவளுக்குத் தூக்கம் வராது. இந்தத் தடவை மேலாளரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: மருத்துவச் சொல்லகராதி, எண்ணூத்து நாற்பது பக்கம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள்ள பிழையில்லாம கையில கொடு, வேலையை நிரந்தரமாக்குறேன். நாலு மாசமா உட்கார்ந்து திருத்தினா. காகிதத்துல இல்ல, பேனாவால எழுதுற பெரிய ரீடர்ல. எங்க குழுவுல அதை எழுதுபலகைன்னு சொல்வோம். வாங்கித் தந்தது நான். முதல் தடவை திறந்து, மொழி தேர்ந்தெடுத்து, 'பாப்பாவின் பலகை'ன்னு அதுக்குப் பேர் வெச்சதும் நான்தான். அதை வாங்கின அன்னைக்கே அவகிட்ட சத்தியம் வாங்காத குறையாச் சொன்னேன்: "வைஃபையைத் திறக்காத." அவளும் திறந்ததே இல்ல. அதனால அந்தத் திருத்தம் எல்லாம் அந்த ஒரு பலகையில மட்டும்தான் இருந்துச்சு.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சம்பந்தி ஒரு பதிவு போட்டார். "எழுதுபலகை வெச்சிருக்கிறவங்க கவனம். இன்னைக்கு ஒரு அப்டேட் வருது. பேனாவால எழுதினது மொத்தமும் அழிஞ்சிடும். வைஃபையைத் தொடாதீங்க. ஒயர்ல நகல் எடுத்து வைங்க." ஆதாரம்னு ஒரு வரி கிடையாது.

நான் பல்லுகூட விளக்கல. பதிவைத் தூக்கினேன். மூணாவது பொய்னு எழுதி, ஏழு நாள் வாய்ப்பூட்டு போட்டேன். உண்மையைச் சொல்றேன், அந்தப் பட்டனை அழுத்தினப்போ எனக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருந்துச்சு.

ரெண்டு நிமிஷத்துல தனியா ஒரு தகவல் வந்துச்சு. "சம்பந்திம்மா, இது விளையாட்டு இல்ல. பதிவைத் திருப்பிப் போடுங்க."

"ஆதாரம்?"

"சர்வீஸ் சென்டர்ல வேலை பார்க்கிறவன் சொன்னான். பேரைச் சொன்னா அவன் வேலை போயிடும்."

"அப்போ ஆதாரம் இல்ல. அப்படிச் சொல்லுங்க."

அதுக்குள்ள குழுவுல முணுமுணுப்பு கிளம்பிடுச்சு. பதிவை ஏன் தூக்கினீங்க, ஒருவேளை நிஜமா இருந்தா, அக்கா நீங்க சோதிச்சுப் பார்த்தீங்களான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. எனக்கு எரிச்சல். மூணு தடவை புலி வருதுன்னு கத்தினவனை விட்டுட்டு என்கிட்ட ஆதாரம் கேட்கிறாங்க! ஆனா என்னோடது படிக்கிற ரீடர், பேனா கிடையாது. அதுல சோதிச்சா என்ன பிரயோஜனம்?

ஒன்பது மணிக்குப் பாப்பா பையோட வந்து நின்னா. அவளும் மருமகனும் தனியா இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்ல சுவரைத் துளை போடுறாங்களாம், உட்கார்ந்து வேலை பார்க்க முடியலயாம். கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு.

"இன்னும் அறுபது பக்கம்தாம்மா. சாயங்காலம் முடிச்சிடுவேன். நாளைக்கு ஒரு தடவை மேலோட்டமா பார்த்துட்டா ஆச்சு. கண்ணாடியில பவர் மாறியிருக்கான்னு பாரேன், தலை விண்விண்ணுங்குது."

"முதல்ல கண்ணை மூடிப் படு. அரை மணி நேரத்துல குடி ஒண்ணும் முழுகிடாது"ன்னு ஈரத்துணியை மடிச்சு அவ கண் மேல போட்டேன். பலகையைச் சார்ஜ்ல போடும்மான்னு சொல்லிட்டு, பேச்சு முடியறதுக்குள்ள தூங்கிட்டா.

பலகை என் கையில இருந்துச்சு. எழுதுபலகை. பேனாவால எழுதுற அதே மாடல்.

இப்ப யோசிச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. அப்ப என் புத்தியில ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு: ஒரு நிமிஷம் திறந்து, அப்டேட் ஒண்ணும் வரலன்னு படம் பிடிச்சுப் போட்டா, அந்த ஆள் ஒரு மாசத்துக்கு வாயைத் திறக்க முடியாது. அது பொய்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவர் சொன்னாருங்கிறதே பொய்ங்கிறதுக்கு ஆதாரம்னு நினைச்சேன்.

வைஃபையைத் திறந்தேன். அப்டேட் இருக்கான்னு தேடச் சொன்னேன். சக்கரம் சுத்திச்சு. 'புதுப்பிப்பு எதுவும் இல்லை'ன்னு வந்துச்சு. திரையை அப்படியே படம் பிடிச்சேன். குழுவுல போட்டு மேல எழுதினேன்: "எழுதுபலகையிலேயே சோதிச்சாச்சு. ஒரு மண்ணும் வரல. பயப்படாதீங்க. முந்திரிக்கொட்டைகளை நம்பி நகல் எடுத்துக்கிட்டு உட்காராதீங்க." அஞ்சு நிமிஷத்துல இருநூறு பேர் கை தட்டிட்டாங்க. "அக்கான்னா அக்காதான்"னு ஒருத்தர். "நல்லா மூக்கை உடைச்சீங்க"ன்னு இன்னொருத்தர். படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

அப்பப் பார்த்துக் கீழேருந்து கடைப்பெண் கூப்பிட்டா. ஒரு டிரைவர், மூக்குக்கண்ணாடியோட காதுக்கம்பி கழண்டு, வண்டி ஓட்ட முடியாம வந்து நிக்கிறார். பலகையைச் சார்ஜ்ல செருகிட்டு இறங்கிப் போனேன். திருகாணி மாட்டி, ஃபிரேமைச் சூடு காட்டி வளைச்சு, அவர் மூக்குல சரியா உட்கார வைக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. நாலாயிரம் பேருக்குத் தினமும் காலையில கேட்கிற கேள்வியை அன்னைக்கு என்னை நானே கேட்டுக்கல. வைஃபையை அணைக்கல.

மாடி ஏறி வந்தப்போ பாப்பா அறை நடுவுல நின்னுக்கிட்டிருந்தா. பலகை அவ கையில.

"அம்மா, இது என்னம்மா?"

திரையில பெருசா எழுதியிருந்துச்சு: வரவேற்கிறோம். மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.

கடையில வாங்கின அன்னைக்கு முதல் தடவை வந்த அதே திரை. மொழியைத் தேர்ந்தெடுத்தா, உள்ள சொல்லகராதி இருந்துச்சு, எண்ணூத்து நாற்பது பக்கமும் இருந்துச்சு. பேனாக் கோடு ஒண்ணுகூட இல்ல. நான் கீழ இருந்த நேரத்துல அப்டேட் இறங்கியிருக்கு. பாப்பா ஒவ்வொரு பக்கமா தள்ளிப் பார்த்தா. எல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

"நீ ஏதாவது தொட்டியாம்மா?"

"நானா? நான் எதுக்குடி தொடப் போறேன்? சார்ஜ்ல போட்டேன், கீழ போனேன்."

சொன்னேன். பெத்த பொண்ணு முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதைவிடக் கொடுமை, அவ நம்பிட்டா. "ஆபீஸ்ல யாராவது திறந்திருப்பாங்களோ? நான்தான் பார்க்காம விட்டுட்டேன் போல"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. வெறும் பேச்சுக்கு இல்ல, நிஜமாவே அடிச்சுக்கிட்டா. நான் கையைப் பிடிச்சேன். அப்பவும் வாயைத் திறக்கல.

அவ மாமனாருக்கு ஃபோன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, பலகையில பக்கத்தைத் தள்ளிக்கிட்டே பேசினா.

"மாமா, பலகையில எழுதினது எல்லாம் போயிடுச்சு மாமா."

"வைஃபை திறந்தியாம்மா?"

"இல்ல மாமா, நான் திறக்கவே இல்ல."

"காலையில ஆறு மணிக்கே எச்சரிக்கை போட்டேனேம்மா. நீ பார்க்கலையா?"

"காலையில எழுந்ததும் குழுவைப் பார்த்தேனே மாமா, அப்படி ஒண்ணும் இல்லையே?"

"இருக்காது. தூக்கிட்டாங்க. யார் தூக்கினாங்கன்னு உங்கம்மாவைக் கேளு. நான் கிளம்பி வரேன்."

பாப்பா என்னைப் பார்க்கல. தன் ஃபோனை எடுத்துக் குழுவைத் திறந்தா. மேலயே என் பதிவு நின்னுச்சு, இருநூறு கைதட்டலோட. படத்தைப் பெருசாக்கினா. ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுப் பார்த்தா. அப்புறம் ஃபோனை என் பக்கம் திருப்பினா.

"பேர் மேலேயே இருக்கும்மா."

'புதுப்பிப்பு எதுவும் இல்லை.' அதுக்கு மேல, இடது மூலையில, நான் ஆசையா வெச்ச பேர்: பாப்பாவின் பலகை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தேன். அந்தப் பூசணிக்காயைப் படம் பிடிச்சு நாலாயிரம் பேருக்கு நானே காட்டியிருந்தேன்.

"சும்மா ஒரு நிமிஷம்தான் திறந்தேன்டி..."

"எதுக்கும்மா?"

அவ கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்களுக்குள்ள அது பழக்கம். அவ கத்தல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. உன் மாமனார் மூக்கை உடைக்கத்தான்னு எப்படிச் சொல்றது?

சம்பந்தி அரை மணி நேரத்துல வந்தார். செருப்பைக் கழட்டினார், கையில ஒரு லேப்டாப் பை. வாங்கன்னு சொன்னேன். அவர் பலகையை வாங்கி, ரெண்டு பக்கம் தள்ளிப் பார்த்து, வெத்துத் திரையை என் முகத்துக்கு நேரா நீட்டினார்.

"ஆதாரம் கேட்டீங்களே சம்பந்திம்மா. இந்தாங்க."

வேற நாளா இருந்தா அந்த வார்த்தைக்கு நான் என்னெல்லாம் திருப்பிக் கொடுத்திருப்பேன்! அன்னைக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவரேன்னு சமையலறைக்குப் போயிட்டேன். அங்க நின்னு அழுதேன், கோபத்துலதான். அவர் மேல இருந்த கோபம் அப்பவும் தீரல, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல.

திரும்பி வந்தப்போ அவர் ஒயரைச் செருகிக்கிட்டிருந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன்னாடி பாப்பா அவர் வீட்டுக்குப் போயிருந்தப்போ, அவ சாப்பிடப் போன நேரத்துல, கேட்காமலே அவ பலகையை எடுத்து நகல் போட்டு வெச்சிருந்தாராம். மூக்கை நுழைக்கிற குணம். அந்தக் குணத்தைத்தான் நான் அஞ்சு வருஷமா வசை பாடிக்கிட்டிருந்தேன். நகல்ல ஐநூத்துப் பத்துப் பக்கம் வரைக்கும் திருத்தம் இருந்துச்சு.

"மிச்சம் முன்னூத்து முப்பது"ன்னா பாப்பா. மணி பதினொண்ணே கால். திங்கள் காலை பத்து மணிக்குக் கொடுக்கணும்.

"ஆளுக்குக் கொஞ்சம் பார்க்கலாம்டி. நானும் உட்கார்றேன்."

"வேண்டாம்."

"எழுத்துப் பார்க்கத் தெரியாதவளாடி நான்?"

"வேண்டாம்மா. மாமா படிச்சுக் காட்டட்டும், நான் திருத்திக்கிறேன்."

என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில, என் நாற்காலியில உட்கார்ந்து, சம்பந்தி ரெண்டு நாள் சத்தமா வாசிச்சார். எலும்புப் பேரு, நரம்புப் பேரு, நோய்ப் பேரு. நான் டீ போட்டு டீ போட்டு வெச்சேன். "தேங்க்ஸ் சம்பந்திம்மா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவார், அது ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்குனு தைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டார். "என் பதிவை எப்பத் திருப்பிப் போடுவீங்க?"

அடக்கடவுளே, அது என் நினைப்பிலேயே இல்ல! ஓடிப் போய்க் குழுவைத் திறந்தேன். என் படத்துக்குக் கீழ கைதட்டல் நின்னு போயிருந்துச்சு. "அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் பயப்படாம திறந்தேன். எனக்கு எல்லாம் போச்சு"ன்னு முந்தின நாள் மத்தியானமே ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழ இன்னொருத்தர், அதுக்குக் கீழ இன்னொருத்தர். எண்ணினேன், முப்பத்தொரு பேர். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூணு வருஷமா எழுதின பாடக்குறிப்பு மொத்தமும் போயிருந்துச்சு. ஒரு நாள் முழுக்க என் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், அங்க அந்தப் பொய் என் பேர்ல வேலை பார்த்துக்கிட்டே இருந்திருக்கு.

சம்பந்தியோட பதிவைத் திருப்பிப் போட்டேன், வாய்ப்பூட்டை எடுத்தேன். கீழ எழுதினேன்: "இவர் சொன்னது உண்மை. நான் தூக்கினது தப்பு. நான் போட்ட படம் என் பொண்ணோட பலகை. அவளோடதும் அழிஞ்சிடுச்சு. திறந்தது நான்." அக்கான்னா அக்காதான்னு எழுதினவர் அந்த வரியை அழிச்சிட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாப்பா கொண்டு போய்க் கொடுத்தா. கடைசி நாற்பத்தெட்டுப் பக்கம் பார்க்கவே இல்ல. மேலாளர் புரட்டிப் பார்த்தாராம். நல்ல வேலைதான், ஆனா சொன்ன சொல் சொன்னபடி முடியலயேம்மான்னாராம். ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சிருக்கார். நிரந்தரம் இல்ல.

மத்தியானம் கண்ணாடியை வாங்கிட்டுப் போக வந்தா. புதுப் பவர் போட்டு வெச்சிருந்தேன். பையை மேஜை மேல வெச்சுட்டு முகம் கழுவப் போனா. பலகை பையிலேருந்து பாதி எட்டிப் பார்த்துச்சு. வைஃபை அணைஞ்சிருக்கான்னு பார்க்கத்தான் எடுத்தேன், வேற ஒண்ணுமில்ல, பழக்கதோஷம்.

திரை நாலு எண் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி பூட்டே கிடையாது. அவ பொறந்த தேதியைப் போட்டேன், தப்புன்னுச்சு. அவ கல்யாணத் தேதியைப் போட்டேன், அதுவும் தப்பு. என் பொறந்த தேதியை ஒரு நப்பாசையில போட்டேன். அதுக்கு மேல அது என்னை விடல, ஒரு நிமிஷம் காத்திருன்னுச்சு.

அவளைக் கூட்டிட்டுப் போக வந்த சம்பந்தி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். எவ்வளவு நேரமா நிக்கிறாரோ தெரியல.

உள்ளேருந்து பாப்பா குரல் கொடுத்தா. "மாமா, கடைசியாத் திருத்தின பக்கம் எத்தனைன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன், மேலாளர் கேட்டாரு."

நான் பலகையை நீட்டினேன். சம்பந்தி வாங்கிக்கிட்டார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னு, இடது கையால திரையை மறைச்சுக்கிட்டு, நாலு எண்ணை அழுத்தினார். திறந்துச்சு.